சட்டத் திண்ணை: அபராதம் கட்ட வழியில்லை, ஜெயில்தானா?

குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் அபராதம் பற்றிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்திருக்கிறோம். அனுப்பியவர்களின் பெயர்களை விட்டுவிட்டோம். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த குற்றங்களுக்குப் புதிய சட்டங்களின் பிரிவு எண்கள் பொருந்தும். பழைய வழக்கு உள்ளவர்கள் பழைய எண்ணை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போறவர். குடிச்சிட்டு பைக் ஓட்டினதா தக்கலை பக்கத்துல பிடிச்சிட்டாங்க. கோர்ட்ல பத்தாயிரம் கட்டணுமாம், இல்லேன்னா ஜெயிலாம். மழை பிடிச்சதுல இருந்து வெட்டு இல்ல. அடுத்த வாரம் வாய்தா. என்ன செய்யணும்?
- வாசகி, குலசேகரம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில், முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'வரை' என்ற சொல் சிறைக்குத்தான் இருக்கிறது, பத்தாயிரத்துக்கு இல்லை. நடுவர் இரக்கப்பட்டாலும் தொகையைக் குறைக்க அதிக இடமில்லை. ஆகவே குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவதில் நேரத்தைப் போக்காமல், தவணை கேளுங்கள். இன்னொன்று: இந்தக் குற்றத்துக்கு ரோட்டில் வைத்து சமாதானத் தொகை (கோர்ட்டுக்குப் போகாமல் வழக்கை முடிக்கும் பணம்) வாங்கச் சட்டத்தில் இடம் கிடையாது. பணம் கோர்ட்டில்தான் கட்ட வேண்டும், ரசீதோடு.

கட்டாவிட்டால் எத்தனை நாள்? குற்றத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் அதிகபட்சச் சிறையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 8-ஆம் பிரிவு சொல்லும் கணக்கு இது, பொது வாசகங்கள் சட்டத்தின் வழியாக மற்றச் சட்டங்களின் அபராதத்துக்கும் பொருந்தும். 6 மாதத்தில் கால் பங்கு என்றால் ஒன்றரை மாதம். இது உச்ச வரம்பு. நடுவர் இதைவிடக் குறைத்தும் போடலாம்.

அபராதம் மட்டுமே தண்டனை என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (குற்ற வழக்கு நடைமுறைக்கான புதிய சட்டம்) 464-ஆம் பிரிவு கைகொடுக்கும். முழுத் தொகையையும் கட்ட 30 நாள் வரை அவகாசம் தரலாம். அல்லது இரண்டு, மூன்று தவணையாகப் பிரிக்கலாம்: முதல் தவணை 30 நாளுக்குள், அடுத்தடுத்த தவணைகளுக்கு இடையே 30 நாளுக்கு மிகாமல். மூன்று தவணை கிடைத்தால் மொத்தம் 90 நாள் வரை நீளும். அதுவரை பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஆளை வெளியே விடலாம். ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையிலேயே விடவும் இந்தப் பிரிவு இடம் தருகிறது. சிறைத் தண்டனையும் அபராதமும் சேர்த்து விதித்திருந்தால் இந்த வழி இல்லை.

மனு ஒரு பக்கம் போதும். மேலே வழக்கு எண், போலீஸ் ஸ்டேஷன் பெயர், குற்றப் பத்திரிகையில் உள்ளபடியே அவர் பெயரும் தகப்பனார் பெயரும். நடுவில் விஷயம். 'நான் ஏழை, கருணை காட்டுங்கள்' என்று மட்டும் எழுதினால் பலன் குறைவு, அதைத் தினமும் நூறு பேர் எழுதுகிறார்கள். இப்படி எழுதுங்கள்: 'பால்வெட்டு வேலை. வெட்டு உள்ள நாளில் கூலி இவ்வளவு. போன மாதம் இத்தனை நாள்தான் வெட்டு நடந்தது. வீட்டில் இத்தனை பேர். இன்று இவ்வளவு கட்டுகிறேன். மீதியை இன்ன தேதியில் இவ்வளவு, இன்ன தேதியில் இவ்வளவு கட்டுகிறேன்.' கூடவே ரேஷன் கார்டு நகல், தோட்டத்துக்காரரோ கண்டிராக்டரோ கொடுத்த ஒரு துண்டுச் சீட்டு. முதல் தவணையாக ஆயிரமோ இரண்டாயிரமோ கையில் கொண்டுபோனால் மனுவுக்கு எடை கூடும்.

கோளாறு எங்கே நடக்கிறது தெரியுமா? கூண்டில் நிற்கும்போது. 'அபராதம் கட்டுறியா?' என்று கேட்பார்கள். ஆள் தலையைக் குனிந்துகொண்டு 'இல்ல ஐயா' என்பார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள், இவருக்குச் சிறை வாரண்ட் தயாராகத் தொடங்கும். 'இல்ல ஐயா'வுக்குப் பதிலாக 'தவணை வேணும் ஐயா, மனு கொண்டு வந்திருக்கேன்' என்று சொன்னால் கதை வேறு. உங்கள் வீட்டுக்காரரிடம் இந்த ஒரு வரியை நாலு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தவணைத் தேதியை நீங்களே யோசித்துக் கேளுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்குள் விழும் தேதியை ஒப்புக்கொண்டுவிட்டு அப்புறம் திண்டாடாதீர்கள். நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகில் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். தேதி தவறினால் தண்டனையை உடனே நிறைவேற்றச் சொல்லிக் கோர்ட் உத்தரவிடலாம்.

எங்க அண்ணன் அடிதடி கேஸ்ல உள்ள இருக்கான். 6,000 அபராதம், கட்டலேன்னா 60 நாள். இன்னைக்கு 25 நாள் ஆச்சு. மைனி நகையை அடகு வச்சு 3,500 புரட்டியிருக்கா. மீதி 2,500-க்கு அலையுறோம்.
- வாசகர், இரணியல்

அலைய வேண்டாம். உங்கள் அண்ணன் வெளியே வர, கையில் இருக்கும் பணமே போதும்.

அபராதத்துக்குப் பதிலான சிறை, கட்டாத தொகையின் அளவுக்குத்தான் ஓடும். நியாய சன்ஹிதா 8-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவு இதைச் சொல்கிறது. 6,000-க்கு 60 நாள் என்றால் ஒரு நாளுக்கு 100 ரூபாய். 25 நாள் இருந்ததில் 2,500 கழிந்துவிட்டது. மீதி 3,500. அதுதான் உங்கள் மைனி கையில் இருக்கிறது. நாளைக்குக் கட்டினால் 3,400 போதும். முழு 6,000 சேரும்வரை காத்திருந்து, தினமும் நூறு ரூபாய்க்காக ஒரு மனிதன் உள்ளே கிடப்பதைப் போன்ற வீண் வேறில்லை. வெளியே வந்து ஒரு நாள் கொத்தனுக்குக் கையாளாகப் போனாலே அதைவிடக் கூடுதல் கிடைக்கும்.

பணத்தைத் தண்டனை கொடுத்த கோர்ட்டிலேயே கட்டுங்கள். போகும்போது தீர்ப்பு நகலும், என்றைக்கு உள்ளே போனார் என்ற தேதியும் கையில் இருக்கட்டும். நாள் கணக்கை ஒரு தாளில் எழுதி மனுவாகக் கொடுத்தால் குமாஸ்தா தானாகக் கூட்டிக் கழிக்க வேண்டியிராது. சில இடங்களில் 'முழுசா கட்டினாத்தான்' என்பார்கள். பிரிவு எண்ணைச் சொல்லுங்கள், நடுவர் முன் வாய்மொழியாகவும் சொல்லலாம்.

பணம் கட்டிய உடனே கதவு திறக்காது. விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். நாகர்கோவிலில் இருக்கிறாரா, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரவில் தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டினால் திங்கள்கிழமை வரை இழுக்கக்கூடும். காலையிலேயே போய்விடுங்கள்.

கூடவே ஒரு விஷயம். தண்டனைக்கு முன் அவர் ரிமாண்டில் இருந்த நாள்களை இந்த 60-இல் கழிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 468-ஆம் பிரிவின் கழிவு, அபராதம் கட்டாததற்கான சிறைக்குப் பொருந்தாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. மேல்முறையீடு செய்யும் எண்ணம் இருந்தால், தீர்ப்பு தேதியிலிருந்து 30 நாள்தான் கெடு.

அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஆலை) வேலை. குழுக் கடனுக்கு வெறும் செக்குல கையெழுத்து வாங்கி வச்சிருந்தாங்க. பாதிக் கடன் கட்டிட்டேன். இப்ப முழுத் தொகையையும் எழுதி செக் பவுன்ஸ் கேஸ் போட்டிருக்காங்க. ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா கடன் கழிஞ்சிரும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றா. சரியா?
- வாசகி, மார்த்தாண்டம்

சரியில்லை. செக் வழக்கில் அபராதம் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் கடன் கொடுத்தவருக்குப் போகும் இழப்பீடு. அரசுக்குச் சேர வேண்டிய அபராதமாக இருந்தால், பதில் சிறையை முழுவதும் அனுபவித்த பிறகு, தனிக் காரணம் எழுதி வைத்தால்தான் வசூல் வாரண்ட் போட முடியும். இழப்பீட்டுக்கு அந்தத் தடை கிடையாது. சிறைக்குப் போய் வந்த பின்னும் வசூலிக்கலாம் என்று 2017-இல் குமரன் எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அக்கா சொல்வதை நம்பி ஆறு மாதம் உள்ளே இருந்தால், ஆறு மாதமும் போகும், கடனும் நிற்கும்.

உங்கள் வழக்கில் வலுவான இடம் வேறு. வெறும் செக்கில் கையெழுத்துப் போட்டேன் என்ற வாதம் மட்டும் நிற்காது, கையெழுத்து உங்களுடையது என்றாலே கடன் உண்டு என்ற அனுமானம் எழும். ஆனால் பாதிக் கடனைத் திருப்பிக் கட்டிய பின்னும், அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டிருந்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வரும் செக் பவுன்ஸ் குற்றமே ஆகாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. எனவே தவணை அட்டை, வசூலுக்கு வந்தவர் போட்ட கையெழுத்து, போனில் வந்த குறுஞ்செய்தி, வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். வாரா வாரம் வசூல் அட்டையில் போட்ட அந்தச் சின்னக் கையெழுத்துகள்தான் உங்கள் சாட்சி. அட்டையை 'சரிபார்க்க' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள்.

சமரசம் என்றால் மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசுங்கள். மேல்கோர்ட் வரை போய்ச் சமரசம் செய்தால் கூடுதல் செலவுத் தொகை கட்டச் சொல்வார்கள். வக்கீல் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பெண் என்பதே போதும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீலுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் எல்லோருக்கும் அப்படியே. நாகர்கோவில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், போன் செய்வதானால் 15100.

தூத்தூர் பக்கம். தங்கு கடலுக்கு (பல நாள் கடல்ல தங்கி மீன்பிடிக்க) போயிருந்தப்ப சின்ன கேஸ் ஒண்ணுக்கு சம்மன் வந்திருக்கு. திரும்பி வந்தா பிடிவாரண்டுன்னு சொல்றாங்க.
- வாசகர்

அபராதத்தைவிட ஆபத்தானது இந்த இடம். 500 ரூபாய் வழக்குக்கு ஆள் வராததால்தான் பலர் உள்ளே போகிறார்கள். போலீஸ் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே வக்கீலோடு ஆஜராகி வாரண்டைத் திரும்பப் பெறும் மனு போடுங்கள். எந்தத் தேதியில் கடலுக்குப் போய் எந்தத் தேதியில் கரைக்கு வந்தீர்கள் என்று படகுக்காரரிடம் எழுதி வாங்குங்கள். இனி போகும்போது, வீட்டில் இருப்பவர் சம்மனை வாங்கினால் உடனே வக்கீலுக்குத் தகவல் போக ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். அபராதம் மட்டுமே உள்ள, 5,000-க்கு மேற்படாத சின்ன வழக்குகளில் நடுவர் விரும்பினால் தபாலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் அனுப்பும் சம்மன் அனுப்பலாம். ஒப்புக்கொள்வது தண்டனைதான் என்பதை மறக்க வேண்டாம். பாஸ்போர்ட்டு, வெளிநாட்டு வேலை என்று யோசிப்பவர்கள் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வட்டிக்குக் கொடுத்தவர் சிவில் கோர்ட்டில் டிகிரி (பணத்தைக் கொடுக்கச் சொல்லும் தீர்ப்பாணை) வாங்கிட்டாரு. அம்மையை ஜெயில்ல போடுவேன்னு மிரட்டுறாரு.
- வாசகர், கருங்கல்

போட முடியாது. பணத்துக்கான டிகிரியில் பெண்ணைக் கைது செய்ய சிவில் நடைமுறைச் சட்டம் 56-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆணாக இருந்தாலும், பணம் இருந்தும் கொடுக்க மறுக்கிறான் என்று காட்ட வேண்டும். வெறும் வறுமைக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980-இலேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியிருக்கிறார். மிரட்டலை எழுத்தில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டனை முடிந்தும் அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்களுக்கு அரசுத் திட்டம் உண்டா?
- சமூகப் பணியாளர், நாகர்கோவில்

உண்டு. 2023-இல் மத்திய உள்துறை 'ஏழைச் சிறைவாசிகளுக்கு உதவி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அன்றைய வழிகாட்டுதல்படி அபராதத்துக்கு ஒருவருக்கு 25,000 வரை, விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 வரை. அபராதம் கட்ட முடியாமல் ஒருவர் நிற்கிறார் என்றால், சிறைக் கண்காணிப்பாளர் 7 நாளுக்குள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும். அவர் குடும்ப நிலையை விசாரித்து, கலெக்டர் இருக்கும் குழுவுக்கு அனுப்புவார். பணம் கைதியின் கையில் வராது, நேராகக் கோர்ட்டில் கட்டப்படும்.

தாளில் நன்றாக இருக்கிறது. கண்காணிப்பாளர் சொல்லாமல் விட்டால் எதுவும் நகராது, அதுதான் சிக்கல். எனவே குடும்பத்தார் செயலாளருக்கு நேராக மனு கொடுத்து ஒப்புகை வாங்குவதே நல்லது. உள்ளே இருப்பவரைப் பார்க்கும்போது கைதி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மனுவில் அது இல்லாவிட்டால் தேட நாளாகும்.

போதைப்பொருள், ஊழல், பணமோசடித் தடுப்பு, சட்டவிரோத நடவடிக்கைத் தடுப்பு ஆகிய சட்டங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு இத்திட்டம் இல்லை என்றது அந்த வழிகாட்டுதல். எங்கள் பார்வையில் இது தவறு. கஞ்சா வழக்கில் பெரிய அளவு என்றால் 1 லட்சம் அபராதம் கட்டாயமாக வரும். மூட்டை தூக்கிப் போனவன்தான் கட்ட முடியாமல் கிடப்பான், அனுப்பியவன் அல்ல. இவர்களுக்குள்ள வழி, பதில் சிறையின் நீளத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்வது. 2007-இல் சாந்திலால் வழக்கில், 1 லட்சத்துக்கு விதித்த 3 ஆண்டு பதில் சிறையை உச்ச நீதிமன்றம் 6 மாதமாகக் குறைத்தது. பதில் சிறை என்பது குற்றத்துக்கான தண்டனை இல்லை, பணம் கட்டாததற்கான விளைவு, ஆளின் வசதியைப் பார்த்துத்தான் விதிக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. பல குற்றங்களுக்குப் பல அபராதம் உள்ளவர்கள் கவனிக்க: பதில் சிறைகள் ஒன்றாக ஓடாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த விஷயம் அது.

தங்கச்சி ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறாள். அங்கே அபராதம் கட்டாததற்கு ஜெயில் என்ற முறையையே எடுத்துவிட்டார்கள் என்கிறாள். உண்மையா?
- வாசகர், அழகியமண்டபம்

முழுவதும் எடுக்கவில்லை, கடைசி வழியாக மட்டும் வைத்திருக்கிறார்கள். 2014-இல் பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் பழங்குடிப் பெண் ஒருவர் கட்டாத அபராதத்துக்காகக் காவலில் வைக்கப்பட்டார். உடம்பு முடியவில்லை என்று சொன்னதைப் போலீசும் ஆஸ்பத்திரியும் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை, செத்துப்போனார். மிஸ் தூ (Ms Dhu) என்ற பெயரில் அந்த வழக்கு தெரியவந்தது. அங்கே அபராதத்துக்காக உள்ளே போனவர்களில் பழங்குடியினரும், குறிப்பாகப் பெண்களும், மக்கள்தொகைக்கு மீறி இருந்தார்கள். 2020-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

ஜெர்மனியில் அபராதமே நாள் வருமானக் கணக்கில் வருகிறது: பணக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே எண்ணிக்கை நாள், தொகை மட்டும் வேறு. 2024 பிப்ரவரி முதல் கட்டாத இரண்டு நாள் தொகைக்கு ஒரு நாள் சிறை என்று பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். இங்கே பத்தாயிரம் என்றால் கார் வைத்திருப்பவருக்கும் பத்தாயிரம், பால்வெட்டுக்காரருக்கும் பத்தாயிரம்.

அபராதத்துக்குப் பதில் ஏதாவது வேலை செய்து கழிக்க முடியுமா?
- வாசகர், பூதப்பாண்டி

எல்லா வழக்கிலும் முடியாது. நியாய சன்ஹிதா ஆறு குற்றங்களுக்கு மட்டும் சமுதாயச் சேவையைத் தண்டனையாக வைத்திருக்கிறது. நம் பக்கம் அதிகம் வரக்கூடியவை இரண்டு: பொது இடத்தில் குடித்துவிட்டு அடாவடி செய்தல், முதல் தடவையாக 5,000-க்குக் குறைந்த பொருளைத் திருடி அதைத் திருப்பிக் கொடுத்தல். குடித்து வண்டி ஓட்டிய வழக்குக்கு இது கிடையாது.

தீர்ப்பு சொல்வதற்கு முன்பே கேட்க வேண்டும். அபராதம் எழுதி முடித்த பிறகு மாற்றச் சொன்னால் நடவாது. முதல் தடவைக் குற்றம் என்றால் 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தில் எச்சரித்து விடும்படியும் அதே நேரத்தில் கேட்கலாம். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிக்கக்கூடும், ஆகவே மனுவில் கதவு எண்ணோடு சரியான முகவரி கொடுங்கள். பழைய வாடகை வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு 'ஆள் இல்லை' என்று அறிக்கை போனால் மனு அங்கேயே விழும்.